சத்து மாத்திரை உபயம்

டாக்டர்கள் என் வயிற்றைத்தான் சின்னதாக்கினார்கள். வயிற்றெரிச்சலைத் தொடவில்லை. அதை விட்டுவைத்ததற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் போன சித்ரா பௌர்ணமி அன்று என் வீட்டில் எனக்குத் துணைக்கு நின்றது அது ஒன்றுதான்.

என் பெயர் எழிலரசி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியே எங்கள் வீடு. முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் கணவர் தருமன் செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவருடைய அண்ணன் ஆதிமூலமும் அண்ணி ரேவதியும் இதே வீட்டில்தான். நிலம் பொது, கிணறு பொது, அடுப்பு பொது. பொதுப் பணத்தை எதற்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கக் கூடாது என்று சொல்கிற வாய் மட்டும் ஆதிமூலம் மாமாவுடையது.

இரண்டு வருடத்துக்கு முன்பு வரை நான் நல்ல குண்டு. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் குழந்தையைக்கூட உட்கார வைக்க முடியாது. சர்க்கரை ஏறிக் கிடந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்தபடியே தூங்குவேன். தூக்கம் என்பதும் பேச்சுக்குத்தான். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இரைப்பையைச் சின்னதாக்கி, குடலை மாற்றி இணைத்தால்தான் உயிருக்கு உத்தரவாதம் என்றார்கள். கணவருடைய கம்பெனி இன்சூரன்ஸ் ஆபரேஷன் செலவை ஏற்றுக்கொண்டது. செய்துகொண்டேன், பாதி ஆளாக இளைத்தேன். நீட்டிப் படுத்துத் தூங்கிய முதல் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து அழுதிருக்கிறேன், அத்தனை சந்தோஷம்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது, என்ன சாப்பிட வேண்டும் என்று ஆலோசனை சொல்கிற பெண் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தாள். ஆர்த்தி என்று பெயர். ஆரஞ்சு நிறத்தில் மாத்திரை அடைத்த ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீங்க சாப்பிடறதுல இருந்து சத்து முழுசா உடம்புல இறங்காதும்மா. கொடலு பாதி வழிய விட்டுட்டுத்தான் போகுது. இந்த மாத்திரைய தெனமும் மென்னு சாப்பிடணும். உசுரு இருக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. கடையில விக்கிற சாதாரண சத்து மாத்திரை உங்களுக்குப் பத்தாது. இதுதான் இனிமே உங்களுக்குச் சாப்பாடுன்னு நெனச்சுக்கோங்க."

என் கணவர் தலையாட்டினார். நன்றாகத் தலையாட்டுவார் அவர்.

முதல் டப்பா ஆஸ்பத்திரிக் கணக்கில் வந்தது. அடுத்த டப்பாவுக்கு பில் அனுப்பினேன், திரும்பி வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். தேன் தடவின குரலில் ஒரு பெண் பேசினாள்.

"மேடம், இது மருந்துல வராதுங்க. டப்பாவுலயே உணவுப் பொருள்னு போட்டிருக்கு பாருங்க. உணவுக்கு எங்க பாலிசியில கெடயாதுங்க."

"வயித்த வெட்டுனதுக்குக் குடுத்தீங்களே?"

"அது சர்ஜரிங்க மேடம்."

"வெட்டுன வயித்தோட நான் உசுரோட இருக்கணுமா, வேணாமா?"

"உங்க கருத்துக்கு நன்றிங்க மேடம். வேற ஏதாச்சும் உதவி வேணுங்களா?"

இவளிடம் கத்தி என்ன ஆகப்போகிறது என்று வைத்துவிட்டேன். ஆனால் இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. லட்சக்கணக்கில் கொடுத்து வயிற்றை வெட்டச் சொல்வார்களாம். வெட்டினதால் வருகிற குறையை ஈடுகட்ட ஒரு டப்பா மாத்திரை கேட்டால் அது சாப்பாடாம், சாப்பாடு உன் பாடாம். சோறு சாப்பாடாக இறங்கவில்லை என்பதால்தானே அம்மா இந்த மாத்திரை? இதை எந்தப் படித்த மனுஷன் உட்கார்ந்து எழுதினான் என்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன்.

டப்பா ஒன்று கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய். ஒரு மாதத்துக்கு வரும். வீட்டுப் பொதுப் பணத்தில் கேட்டேன். ஆதிமூலம் மாமா தலைமுதல் கால்வரை என்னைப் பார்த்தார்.

"ஒடம்புதான் கொறஞ்சு போச்சே, இன்னும் இன்னாத்துக்கும்மா மாத்திரை? முருங்கைக்கீரை தின்னு. தோட்டத்துல அத்தினி கெடக்குது."

ரேவதி அக்கா, "நான்லாம் எந்த மாத்திரைய தின்னேன், கல்லு மாதிரி இல்ல?" என்றாள். என் கணவர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

சரி, என் கையால் சம்பாதித்து வாங்கிக்கொள்கிறேன் என்று இறங்கினேன். தைத்த காசு எல்லா மாதமும் ஒரே மாதிரி வராது. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, ஜாக்கெட்டும் கிடையாது. அப்படி ஒருமுறை தொடர்ந்து சில மாதங்கள் டப்பா வாங்க முடியாமல் போயிற்று. முதலில் பாதம் எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது, பிறகு மரத்துப் போயிற்று. மெஷினை மிதிக்கிறேனா இல்லையா என்பதே என் காலுக்குத் தெரியவில்லை. என்னுடையது மோட்டார் மெஷின், லேசாக அழுத்தினாலும் பறக்கும். ஒருநாள் ஊசி என் ஆள்காட்டி விரலில் நகத்தைத் துளைத்துக்கொண்டு அடிப்பக்கம் வந்து நின்றது. தைத்துக்கொண்டிருந்த கல்யாணப் பட்டு ஜாக்கெட் முழுக்க ரத்தம். அதற்கும் நஷ்டஈடு கொடுத்தேன்.

வேலூர் டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஊசி போட்டு, மறுபடி மாத்திரையை ஆரம்பிக்கச் சொன்னார். "இந்தத் தடவ தப்பிச்சீங்க. இன்னொரு தடவ விட்டீங்கன்னா மரத்த கால் திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். கால் போனால் எனக்குத் தொழில் போயிற்று. தொழில் போனால் இந்த வீட்டில் என் கையில் ஒரு பைசா நிற்காது. எனக்கு அது நன்றாகப் புரிந்தது. வேறு யாருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை.

அதனால் இந்த வருடம் தை, மாசி இரண்டு மாதமும் முகூர்த்த ஜாக்கெட்டுகளாகத் தைத்துத் தள்ளி, மூன்று டப்பாவுக்கு மொத்தமாகப் பணம் சேர்த்தேன். எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஷோயப் பாயிடம் சொல்லி, சென்னையிலிருந்து வரவழைத்தேன்.

"மூணா வாங்கிட்டீங்களா? நல்லதுக்கா. இனிமே கொஞ்ச நாளைக்கு நிம்மதி" என்றார் பாய். "இருந்தாலும் உங்களுக்குன்னு ஒரு டப்பா கடையில எப்பவும் போட்டு வெக்கிறேன். இல்லன்னு சொல்லி அனுப்பினா எனக்கே ஒரு மாதிரி ஆவுது."

மூன்று டப்பாவையும் மெஷின் மேல் இருந்த அலமாரியில் வரிசையாக வைத்தேன். நகைக்கடைக்காரன் ஷோகேஸைப் பார்க்கிற மாதிரி பத்து தரம் பார்த்திருப்பேன். பங்குனி கடைசியில் வாங்கியது, ஆனி வரைக்கும் கவலையில்லை என்று இருந்தேன்.

இப்போது ஆதிமூலம் மாமாவின் அன்னதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் வீட்டு வாசலில் பந்தல், சீரியல் பல்பு, மைக்செட். அவருடைய படத்தைப் பெரிதாகவும் அண்ணாமலையார் படத்தைச் சிறிதாகவும் போட்ட ஒரு ஃபிளெக்ஸ். நிலத்தில் விளைந்த மணிலாக் கடலை விற்ற பணத்தில் ஒரு பங்கு இதற்கென்றே தனியாக மஞ்சள் பையில் இருக்கும். நடந்து போகிறவர்களுக்கு மோர், பிஸ்கட். உட்கார்ந்து சாப்பிட சாதுக்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் பாய் விரித்துச் சாம்பார் சாதப் பந்தி. சமைக்கிறது ரேவதி அக்காவும் நானும்.

குறை சொல்லக் கூடாது, பந்தியை அவர் ஒழுங்காகத்தான் நடத்துவார். கடைசி இலைவரை பரிமாறி முடித்து அவர் "அண்ணாமலையானுக்கு" என்று குரல் கொடுத்தால்தான் வரிசை "அரோகரா" சொல்லிச் சாப்பிட ஆரம்பிக்கும். அதுவரை ஒருவரும் கை வைக்க மாட்டார். அப்புறம் அவரே ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் வந்து இரண்டு கையையும் கூப்பி, "போதுமா?" என்று கேட்பார். உட்கார்ந்திருக்கிறவர் வாயால் "போதும்" என்று சொன்ன பிறகுதான் கையை இறக்கி அடுத்த இலைக்கு நகர்வார். "இந்தப் பந்தல்ல பசியோட ஒருத்தரும் எழுந்து போகக் கூடாது" என்று மைக்கில் வேறு சொல்லுவார். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கும் ஒருகாலத்தில் கலங்கியிருக்கிறது.

சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் சொல்லவே வேண்டாம். மதியமே சமையலை முடித்துக் கொடுத்துவிட்டு, வேங்கிக்காலில் ஒரு ஆபீசர் வீட்டு அம்மாவுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போனேன். திரும்பி வரும்போது ஆட்டோவெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஜனத்தோடு ஜனமாக நானும் நடந்தேன். வெயில் இறங்கி, மலைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பந்தல் கண்ணில் படுவதற்கு முன்பே மாமாவின் குரல் கேட்டது.

"பக்த கோடிகளே! கால் வலிக்கு, களைப்புக்கு, சத்து மாத்திரை! புளிப்பு, இனிப்பு, ஆரஞ்சு சுவை! ஆளுக்கு ஒண்ணு வாங்கி வாயில போட்டுனு நடங்க! சத்து மாத்திரை உபயம், ஆதிமூலம் குடும்பத்தார்!"

பிஸ்கட் தீர்ந்திருக்கும், எங்கேயோ குளுக்கோஸ் மாத்திரை வாங்கிவிட்டார் போல என்று நினைத்தேன். பரவாயில்லையே, மனுஷனுக்கு நல்ல யோசனை வந்திருக்கிறதே என்றுகூட நினைத்தேன். எனக்கு முன்னால் போன ஒரு அம்மா, வாங்கின மாத்திரையைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வட்டமாக, ஆரஞ்சு நிறத்தில், நடுவில் ஒரு கோடு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். தினமும் காலையில் பார்க்கிற கோடு அது.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். மோர்ப்பானைக்குப் பக்கத்து மேசையில் என்னுடைய இரண்டு டப்பாவும் கவிழ்ந்து கிடந்தன. மூன்றாவது டப்பா என் கணவர் கையில் இருந்தது. அதன் அடியைத் தட்டி, கடைசி மாத்திரைகளை ஒரு போலீஸ்காரர் கையில் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தார். பெயர் தருமன். என் பொருளை எடுத்துத் தர்மம் செய்வான் என்று தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ.

"இன்னாங்க இது? இன்னா பண்ணிட்டீங்க?"

"பிஸ்கட் தீந்து போச்சு எழிலு. ஜனங்க கைய நீட்டுது. அண்ணன்தான் சொன்னாரு, அலமாரில சத்து மாத்திரை கெடக்குதேன்னு..."

"சின்னப் பசங்களுக்குக் குடுத்தீங்களா?"

"இல்ல இல்ல, பெரியவங்களுக்கு மட்டுந்தான். ஆளுக்கு ஒண்ணுதான்."

அந்தமட்டும் புத்தி வேலை செய்திருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு மாத்திரையால் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது, ஒன்றும் பிரயோஜனமும் கிடையாது. நல்ல வயிறு இருக்கிறவர்கள் மென்று துப்பினாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. எனக்கு அது மூன்று மாதத்து நடை.

மாமா மைக்கை வைத்துவிட்டு வந்தார். முகத்தில் தப்பு செய்த களையே இல்லை.

"இன்னாம்மா சத்தம்? நாலு பேர் நல்லா இருக்கட்டும்னு குடுத்தது."

"அது என் மருந்து மாமா."

"மருந்து இல்லன்னு இன்சூரன்ஸ்காரனே சொல்லிட்டான்னு நீதானே அன்னிக்கி வந்து பொலம்புன? டப்பாவுலயும் உணவுன்னுதான் போட்டிருக்குது. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். சாப்பாட்ட தானம் பண்ணா இன்னா தப்பு?"

அந்தத் தேன் குரல்காரி அங்கே சொன்னது இங்கே வந்து என் தலையில் விழுகிறது. மருந்து என்று சொன்னால் காசு தர வேண்டி வரும் என்று அவர்கள் சாப்பாடு என்றார்கள். சாப்பாடு என்றதும் இவர் பந்தியில் வைத்துவிட்டார்.

ரேவதி அக்கா என் தோளைத் தொட்டாள். "குடும்பத்தார்னு சொன்னாருல்ல எழிலு, அதுல நீயும்தானே சேத்தி? புண்ணியம் உனக்கும் வரும்."

"புண்ணியத்த மென்னா கால் மரத்துப் போறது நிக்குமாக்கா?" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் மாமா பக்கம் திரும்பினேன். "சரி, குடுத்தது குடுத்தாச்சு. மஞ்சப் பையில துட்டு இருக்குது. எனக்குத் திருப்பி வாங்கிக் குடுங்க."

"அதுல கை வெக்கக் கூடாதும்மா. அது அன்னத்துக்குன்னு சாமி பேர்ல ஒதுக்குனது. பசின்னு வந்து உட்கார்றவங்களுக்குச் சாப்பாடு போட மட்டுந்தான். தர்மம் குடுத்தத திரும்பக் கேக்கறதே பாவம். நாலு ஜாக்கெட் ஜாஸ்தியா தெச்சா வந்துடப் போவுது, இதுக்குப் போய்..."

இதுக்குப் போய். விரலில் ஊசி ஏறின இடத்தில் நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது. அந்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டத் தோன்றியது. நீட்டவில்லை. அதற்குள் பந்திக்குப் பாய் விரித்துவிட்டார்கள், இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாதுக்களும் வெளியூர் ஜனங்களும் உட்கார ஆரம்பித்தார்கள். அவர் சொன்னதே மறுபடி என் காதில் ஓடியது. உட்கார்கிறவர்களுக்குச் சாப்பாடு போட மட்டும்தான் அந்தப் பணம்.

நான் நேராகப் போய் முதல் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு கிழட்டுச் சாது. காவித் துண்டு, வாயில் ஒரு பல் கிடையாது. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். ரேவதி அக்கா அன்னக்கரண்டியோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நீ எங்கடி இங்க வந்து உட்கார்ந்துனு இருக்க? அப்பளம் யாரு போடறது?"

"பசிக்குதுக்கா. பந்தியில உட்கார்ந்தா போடணும். போடுங்க."

அவள் முழித்துவிட்டு அரைக் கரண்டி சாம்பார் சாதத்தைச் சாய்க்க வந்தாள். இலையைக் கையால் மறைத்தேன்.

"சாம்பார் சாதம் எனக்குச் சாப்பாடு இல்ல. என் சாப்பாடு எதுன்னு மாமாவே சொல்லிட்டாரு. ஆரஞ்சு நெறத்துல இருக்கும், நடுவுல கோடு போட்டிருக்கும். அதப் போடுங்க."

அக்கா அடுத்த இலைக்குப் போனாள். வரிசை முழுக்கப் பரிமாறியாயிற்று. மாமா மைக்கை எடுத்தார். "அண்ணாமலையானுக்கு" என்று வாயைத் திறந்தவர், முதல் இலை வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். கடைசி இலைவரை சோறு விழாமல் குரல் கொடுத்து அவருக்குப் பழக்கமே இல்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"எழுந்திரு எழிலு. வெளியூர் ஜனம் பாக்குது. மானம் போவுது."

"பசியோட ஒருத்தரும் எழுந்து போகக் கூடாதுன்னு நீங்கதானே மாமா சொல்லுவீங்க?" நான் குரலைத் தாழ்த்தவில்லை. எதற்குத் தாழ்த்த வேண்டும்? "எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்குது. சோத்துல இருந்து எனக்குச் சத்து இறங்காது. அந்த மாத்திரை இல்லன்னா கால் மரத்துப் போவும். நான் தெச்ச காசுல வாங்கி வெச்சிருந்தத எடுத்து, என்னக் கேக்காம, சாயந்தரம் பூரா ரோட்டுல போறவங்களுக்குக் குடுத்துட்டீங்க. இப்ப எனக்குப் பசிக்குது. போடுங்க."

வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. பாதையில் நடந்துகொண்டிருந்தவர்களும் நின்றார்கள். சிலபேர் கையில் இருந்ததைப் பார்த்தார்கள். ஒருத்தர், பாதி மென்றது தொண்டையில் நின்றுவிட்டது போல இருமினார்.

பக்கத்துச் சாது மெதுவாகத் தன் துண்டின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பீடிக்கட்டு, தீப்பெட்டி, ஒரு ஆரஞ்சு மாத்திரை.

"இதாம்மா? எனக்குப் பல்லு இல்ல. அப்பறமா ஊற வெச்சுத் தின்னலாம்னு முடிஞ்சு வெச்சேன்." அதை எடுத்து என் இலையில் வைத்தார். "உன்னுதுன்னு தெரியாதும்மா."

அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போது வந்தது. ஒன்றும் இல்லாத மனுஷர், முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுக்கிறார். என் வீட்டில் ஒரு மஞ்சள் பை நிறையப் பணம் சாமி பேரில் தூங்குகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாலாவது இலையில் இருந்த ஒரு வெளியூர் அம்மா பர்ஸைத் திறந்து இன்னொரு மாத்திரையை அனுப்பினாள். கை மாறிக் கை மாறி அதுவும் என் இலைக்கு வந்தது.

"அய்யா, அந்தம்மாவுக்கு மொதல்ல போடுங்க. அவங்க சாப்பிடாம நாங்க கை வெக்க மாட்டோம்" என்றார் வரிசைக் கோடியில் இருந்த ஒருவர். ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல் சேர்ந்தது. யார் இலையிலும் கை போகவில்லை. சாம்பார் சாதத்தில் ஆவி அடங்கிக்கொண்டே வந்தது.

என் கணவருக்கு அப்போதுதான் விஷயம் எங்கே போகிறது என்று புரிந்தது. ஓடி வந்து என் காதருகே குனிந்தார்.

"ஷோயப் பாய் கடையில ஒரு டப்பா இருக்கும்ல? துட்டு குடு எழிலு, நான் ஓடிப் போய் வாங்கினு வந்துடறேன்."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். நடிக்கவில்லை, கேலி செய்யவில்லை. நிஜமாகவே என்னிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பந்தியில உட்கார்ந்தவகிட்ட சாப்பாட்டுக்குத் துட்டு கேக்கறீங்களே, இது எந்த ஊரு அன்னதானங்க?"

சாது சிரித்துவிட்டார். பல்லில்லாத சிரிப்பு, ஆனால் நல்ல சத்தம். வரிசையில் பாதிப்பேர் சிரித்தார்கள். என் கணவர் நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் தலையாட்டாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

மாமா வரிசையைப் பார்த்தார், பாதையில் கூடி நின்ற ஜனத்தைப் பார்த்தார், ஃபிளெக்ஸில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற தன்னையும் பார்த்தார். அப்புறம் மஞ்சள் பையைப் பிரித்து நோட்டுகளை எண்ணாமலே எடுத்துத் தம்பி கையில் திணித்தார். "ஓடு" என்றார்.

பாய் கடைக்குப் போக வேண்டுமென்றால் கிரிவலம் வருகிற கூட்டத்துக்கு எதிரே போக வேண்டும். சித்ரா பௌர்ணமி அன்று எதிரே போகிறவனுக்குக் கிடைக்கிற மரியாதை ஊரறிந்தது. "ஏம்பா, கண்ணு தெரியல?" "யோவ், சுத்தற வழியா இது?" என்று திட்டுகிற சத்தம் பந்தல்வரை கேட்டது. கேட்கட்டும் என்றிருந்தேன். இரண்டு வருடமாக நான் ஒருத்தியாக எதிரே நடந்திருக்கிறேன், ஒருநாள் அவரும் நடக்கட்டும்.

வேர்த்து ஒழுகத் திரும்பி வந்தார், கையில் டப்பா. மீதிக்கு பாயிடம் சொல்லிவிட்டு வந்ததாக, யாரும் கேட்காமலே சொன்னார். டப்பாவை என்னிடம் கொடுக்க வந்தவரை நான் தடுத்தேன். இதை இலையில் போட வேண்டியவர் வீட்டுக்குப் பெரியவர்.

மாமா டப்பாவை வாங்கி, மூடியைத் திருகி, ஒரு மாத்திரையை எடுத்து என் இலையில் வைத்தார். டப்பாவையும் பக்கத்தில் வைத்தார். பழக்க தோஷத்தில் மைக்கை எடுத்து, "சத்து மாத்திரை உப..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அண்ணாமலையானுக்கு" என்று சாதுவே குரல் கொடுத்தார்.

"அரோகரா!"

எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாது கொடுத்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டு மென்றேன். துண்டு முடிச்சுக்குள் இருந்ததில் பீடி வாசனை ஏறியிருந்தது. புளிப்புக்குப் பின்னால் அந்த வாசனையும் சேர்ந்து வந்தது. துளிகூட விடாமல் விழுங்கினேன்.

சாப்பாடு முடிகிற நேரத்துக்கு மாமா வழக்கம்போல இலை இலையாக வந்தார். மற்ற நாளாக இருந்தால் முதல் இலையில்தான் ஆரம்பிப்பார். அன்று கடைசி இலையிலிருந்து ஆரம்பித்தார். கையைக் கூப்பி, போதுமா, போதுமா என்று ஒவ்வொருவராகக் கேட்டு, போதும் போதும் என்று வாங்கிக்கொண்டு, சாதுவையும் கேட்டுவிட்டு, என் இலைக்கு முன்னால் வந்து நின்றார். தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் வரிசை முழுக்க இலையை மடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு கையையும் கூப்பினார்.

"போதுமாம்மா?"

"போதாது மாமா" என்றேன். "இன்னும் ரெண்டு டப்பா வரணும். அடுத்த பௌர்ணமிக்கும் இந்த இலை எனக்குத்தான். அதுக்கு அடுத்த பௌர்ணமிக்கும்."

போதும் என்று சொன்ன பிறகுதான் கையை இறக்குவது அவரே வைத்த வழக்கம். நான் சொல்லவில்லை. கூப்பின கையோடு அவர் என் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.